டெர்மினலில் இருந்து பூட் வட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐஎஸ்ஓ ஃபைலை வட்டில் எழுதுவது பற்றி இந்த முறை கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன, அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். முதலில் ஒரு விஷயம். கட்டளைகளை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், நான் தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிற்றெழுத்தில் தட்டுங்கள். ஹைபன், சாய்கோடு, சமக்குறி, இடைவெளி எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே வர வேண்டும். "இமேஜ்.ஐஎஸ்ஓ" என்று வரும் இடத்தில் உங்கள் ஃபைலின் பெயர்.

கேள்வி: லினக்ஸ் ஐஎஸ்ஓ ஒன்றை இறக்கி டிவிடியில் எழுதினேன். எழுதும்போது எந்தப் பிழையும் வரவில்லை. ஆனால் கணினி அதிலிருந்து பூட் ஆக மாட்டேன் என்கிறது. வட்டைத் திறந்து பார்த்தால் அந்த ஐஎஸ்ஓ ஃபைல் பத்திரமாக உள்ளேதான் இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: அது அப்படிப் பத்திரமாக உள்ளே இருப்பதுதான் தவறு.

ஐஎஸ்ஓ என்பது வட்டுக்குள் போட்டு வைக்கிற ஒரு ஃபைல் இல்லை. அதுவே ஒரு முழு வட்டு. ஒரு வட்டின் முதல் செக்டாரில் தொடங்கிக் கடைசி செக்டார் வரைக்கும், ஒவ்வொன்றும் 2,048 பைட் வீதம், வரிசை மாறாமல் எடுத்து ஒரே ஃபைலாக வைத்திருக்கிறார்கள். அதை எழுதும்போதும் அதே வரிசையில், ஃபைலின் முதல் பைட் வட்டின் முதல் பைட்டாகப் போய் உட்கார வேண்டும். நீங்கள் செய்தது சாதாரணமாகப் பாட்டையோ படத்தையோ வட்டில் ஏற்றுகிற மாதிரி ஏற்றியது. அப்போது எழுதும் மென்பொருள் தன் பங்குக்கு ஒரு புது வட்டமைப்பை உருவாக்கி, அதற்குள் ஒரு மூலையில் உங்கள் ஐஎஸ்ஓவை வைத்துவிடும்.

இதனால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்கலாம், பைட்டெல்லாம் அப்படியே இருக்கிறதே. இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது. கணினியை ஆன் செய்தவுடன் விழித்துக்கொள்ளும் பயாஸுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது, அதற்குத் தெரிந்தது செக்டார் எண் மட்டும்தான். சிடியில் இருந்து பூட் செய்வதற்கு ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1995-ல் எல் டோரிட்டோ என்று ஒரு வரையறை கொண்டுவந்தார்கள், இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி சுழியத்தில் இருந்து எண்ணினால் 17-ஆவது செக்டாரில் ஒரு பூட் குறிப்பு இருக்க வேண்டும். அந்தக் குறிப்பு பூட் அட்டவணை எந்த செக்டாரில் இருக்கிறது என்று சொல்லும், அட்டவணை பூட் நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். பயாஸ் இந்த நூலைப் பிடித்துக்கொண்டேதான் போகும். உங்கள் வட்டின் 17-ஆவது செக்டாரில் எழுதும் மென்பொருள் போட்ட வேறு எதுவோ இருக்கிறது, பூட் குறிப்போ உள்ளே இருக்கிற ஃபைலின் 17-ஆவது செக்டாரில் மாட்டிக்கொண்டிருக்கிறது. கதவு எண் 17-ஐத் தட்டச் சொன்னால், அந்த வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வேறு தெருவில் வைத்த கதைதான்.

இனி வரும் எல்லாப் பதில்களும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே இருக்கும், அதனால்தான் இவ்வளவு நீட்டினேன். எழுதி முடித்த வட்டைத் திறந்தால் உள்ளே பல ஃபோல்டர்கள் தெரிய வேண்டும். ஒற்றை ஐஎஸ்ஓ ஃபைல் தெரிந்தால் அந்த வட்டு வீண்.

கேள்வி: லினக்ஸில் வரைகலை மென்பொருள் இல்லாமல் டெர்மினலிலேயே எழுத வேண்டும். வோடிம் என்கிறார்கள், சிடிரெக்கார்டு என்கிறார்கள், குரோஐசோஎஃப்எஸ் என்கிறார்கள். எதை எடுப்பது? சர்வரில் திரையே கிடையாது, எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்துதான் வேலை.

பதில்: இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. யோர்க் ஷில்லிங் எழுதிய சிடிரெக்கார்டுதான் பழையது, 1990-களில் இருந்து வருகிறது. 2006-ல் உரிமம் தொடர்பாகத் தகராறு வந்தபோது டெபியன்காரர்கள் அதிலிருந்து பிரிந்து சிடிர்கிட் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள், அதில் வருவதுதான் வோடிம். அதனால் டெபியன் வழிவந்த பல அமைப்புகளில் சிடிரெக்கார்டு என்று தட்டினாலும் ஓடுவது வோடிம்தான். குரோஐசோஎஃப்எஸ் டிவிடிக்காகவே எழுதப்பட்டது. ஸோரிசோ, அதாவது எக்ஸ் ஓ ஆர் ஆர் ஐ எஸ் ஓ, இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. சிடி, டிவிடி, ப்ளூ-ரே மூன்றையும் ஒரே கட்டளையில் பார்த்துக்கொள்கிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

முதலில் உங்கள் டிரைவ் எது என்று தெரிய வேண்டும். எல்எஸ்பிஎல்கே என்று தட்டுங்கள், "ராம்" என்ற வகையில் வருகிற வரிதான் அது, பெரும்பாலும் எஸ்ஆர்0 என்று இருக்கும். அப்படியானால் முழு முகவரி /டெவ்/எஸ்ஆர்0. எஸ்டிஏ, எஸ்டிபி என்று வருபவை வட்டு டிரைவ் அல்ல, ஹார்டு டிஸ்க்கும் பென்டிரைவும். அவற்றின் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

அப்புறம் எழுதும் கட்டளை:

ஸோரிசோ -ஆஸ் சிடிரெக்கார்டு -வி டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 ப்ளாங்க்=ஆஸ்_நீடட் -எஜெக்ட் இமேஜ்.ஐஎஸ்ஓ

"ஆஸ் சிடிரெக்கார்டு" என்றால் பழைய சிடிரெக்கார்டு மாதிரியே நடந்துகொள் என்று பொருள். "வி" போட்டால் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வரும், திரை இல்லாத இடத்தில் அது பெரிய ஆறுதல். "ப்ளாங்க்=ஆஸ்_நீடட்" என்பது, ஆர்டபிள்யூ வட்டில், அதாவது அழித்து மீண்டும் எழுதக்கூடிய வட்டில், பழைய சரக்கு இருந்தால் தேவைப்பட்டால் மட்டும் அழித்துக்கொள் என்பது. நடுவில் வருவது அடிக்கோடு, ஹைபன் இல்லை.

வோடிம்தான் இருக்கிறது என்றால் சிடிக்கு இப்படி:

வோடிம் -வி -டிஏஓ டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 இமேஜ்.ஐஎஸ்ஓ

அந்த டிஏஓவை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று சரிபார்ப்பது பற்றிய கேள்வியில் சொல்கிறேன். டிவிடிக்கு வோடிம் வேண்டாம், இது என் அனுபவம். அதற்குக் குரோஐசோஎஃப்எஸ்:

குரோஐசோஎஃப்எஸ் -டிவிடி-காம்பட் -இசட் /டெவ்/எஸ்ஆர்0=இமேஜ்.ஐஎஸ்ஓ

இந்த இசட் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. டிரைவின் பெயருக்கும் ஃபைல் பெயருக்கும் நடுவில் சமக்குறி, இருபுறமும் இடைவெளி கூடாது. "டிவிடி-காம்பட்" போட்டால் வட்டை எழுதி மூடிவிடும், பிறகு அதில் எதையும் சேர்க்க முடியாது. பூட் வட்டுக்கு அதுதான் நல்லது.

அனுமதி இல்லை என்று பிழை வந்தால் எல்லாவற்றுக்கும் சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் கட்டளை) போட்டுக்கொண்டிருக்காமல் உங்கள் பயனரை சிடிராம் குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள். டெபியன் வகை அமைப்புகளில் இது போதும்.

கேள்வி: பென்டிரைவில் டிடி கட்டளை கொடுத்தால் ஐஎஸ்ஓ அப்படியே ஏறி பூட் ஆகிறது. அதே டிடியை /டெவ்/எஸ்ஆர்0-க்குக் கொடுத்தால் மட்டும் ஏன் வேலை செய்யவில்லை? வரிசை மாறாமல் எழுதுவதுதானே அதுவும்?

பதில்: நல்ல கேள்வி, இதை யோசித்ததற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். டிடி வரிசை மாறாமல்தான் எழுதும், அதில் உங்கள் கணக்கு சரி. பிரச்சினை எழுதப்படும் இடத்தில் இருக்கிறது.

பென்டிரைவில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம், திரும்ப எழுதலாம். சிடி-ஆரோ டிவிடி-ஆரோ அப்படி இல்லை. லேசரை எவ்வளவு பலத்தில் வைப்பது, முன்பகுதியை எப்போது எழுதுவது, தடத்தை எப்போது தொடங்குவது, கடைசியில் வட்டை எப்படி மூடுவது என்று டிரைவிடம் தனித்தனி ஆணைகளாகப் பேச வேண்டியிருக்கிறது. வோடிமும் ஸோரிசோவும் அந்த மொழியைப் பேசத் தெரிந்தவை. டிடிக்குத் தெரிந்ததெல்லாம் இங்கிருந்து படி, அங்கே எழுது என்பதுதான்.

இன்னொரு வேடிக்கை இதில் இருக்கிறது. சிடிக்காகச் செய்த ஒரு இமேஜ், அதாவது ஐஎஸ்ஓ, பென்டிரைவில் எப்படி பூட் ஆகிறது? சிடியில் பயாஸ் 17-ஆவது செக்டாரைப் பார்க்கிறது, பென்டிரைவில் ஹார்டு டிஸ்க் மாதிரி முதல் 512 பைட்டைப் பார்க்கிறது. சிடியில் ஃபைல்களை அடுக்கும் முறையைச் சொல்லும் ஐஎஸ்ஓ 9660 வரையறையில் முதல் 16 செக்டார்கள், அதாவது 32,768 பைட்டுகள், அமைப்பின் தேவைக்கென்று காலியாக விடப்பட்டிருக்கின்றன. அந்தக் காலி இடத்தில் ஹார்டு டிஸ்க்குக்கு உரிய பூட் பகுதியைப் புகுத்திவிட்டார்கள்! இப்படிச் செய்த இமேஜை ஐசோஹைப்ரிட் என்பார்கள். சிடியாகப் பார்த்தால் சிடி, டிஸ்க்காகப் பார்த்தால் டிஸ்க், ஒன்றின் மேல் ஒன்று இடிக்காமல். 1988-ல் வந்த ஒரு வரையறையில் விட்டு வைத்த காலி மனையில் பிற்பாடு வந்தவர்கள் இப்படி வீடு கட்டியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

எல்லா ஐஎஸ்ஓவும் இப்படி இருக்காது. விண்டோஸ் நிறுவும் ஐஎஸ்ஓவை டிடி வழியாகப் பென்டிரைவில் ஏற்றினால் பூட் ஆகாது, ஆனால் அதே ஐஎஸ்ஓவை வட்டில் முறையாக எழுதினால் ஆகும். அப்புறம், பென்டிரைவுக்கு டிடி கொடுக்கும்போது ஓஎஃப்= என்ற இடத்தில் எஸ்டிபி1 என்று பகுதியின் பெயரைத் தராமல் எஸ்டிபி என்று முழு டிரைவின் பெயரைத் தர வேண்டும். அந்த எழுத்தை இரண்டு முறை பாருங்கள். ஒரு எழுத்து மாறி எஸ்டிஏ என்று விழுந்தால் உங்கள் ஹார்டு டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், டிடி ஒரு வார்த்தைகூடக் கேட்காது.

கேள்வி: ஃபைல் 734 எம்பி என்று காட்டுகிறது. சிடி 700 எம்பி. எழுதலாமா கூடாதா?

பதில்: எம்பியை விடுங்கள், செக்டாரில் கணக்குப் போடுங்கள். எம்பி என்பதை ஒருவர் பத்து லட்சம் பைட் என்று எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் 10,48,576 பைட் என்று எடுத்துக்கொள்கிறார், குழப்பம் அங்கேதான். உங்கள் ஃபைலின் சரியான அளவை ஸ்டாட் கட்டளையில் பாருங்கள். 73,40,03,200 பைட் என்று வந்தால் அதை 2,048-ஆல் வகுக்க 3,58,400 செக்டார்.

80 நிமிட சிடியில் நொடிக்கு 75 செக்டார் வீதம் 3,60,000 செக்டார். ஆனால் தொடக்கத்தில் 2 நொடி, 150 செக்டார், கழிந்துவிடும். "வோடிம் டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 -ஏடிப்" என்று கேட்டால் வட்டே தன் அளவைச் சொல்லும், பல வட்டுகளில் 3,59,849 என்று வரும். உங்கள் ஃபைல் தாராளமாக அடங்கும்.

டிவிடிக்கும் இதே கதை. 4.7 ஜிபி என்று மேலே அச்சிட்டிருக்கும் டிவிடி+ஆரில் உண்மையில் 470,03,72,992 பைட், கணினி காட்டுகிற கணக்கில் அது 4.38 ஜிபிதான். 4.5 ஜிபி என்று கணினி காட்டும் இமேஜ் அதில் அடங்காது, இரட்டை அடுக்கு வட்டு வேண்டும்.

கேள்வி: எழுதிய வட்டு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளடக்கத்தில் இருந்து ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் ஷா256சம் கட்டளையை நேரடியாக /டெவ்/எஸ்ஆர்0-க்குக் கொடுத்தேன். ஒரு தடவை இணையதளத்தில் போட்டிருக்கிற எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இன்னொரு தடவை கடைசியில் உள்ளீடு வெளியீடு பிழை என்று நின்றுவிட்டது. ஆனால் வட்டு பூட் ஆகிறது.

பதில்: உங்கள் வட்டு நன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அளந்த விதத்தில்தான் கோளாறு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

வட்டில் எழுதும் முறைகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று தடம் தடமாக எழுதுவது, டிஏஓ போடாமல் விட்டால் சிடியில் இது நடக்கலாம். இதில் ஒவ்வொரு தடத்தின் முடிவிலும் லேசர் நின்று கிளம்புவதற்காக இரண்டு செக்டார் ஓட்டமாகப் போய்விடும். அந்த இரண்டையும் படிக்க முடியாது, ஆனால் டிரைவ் தடத்தின் நீளத்தைச் சொல்லும்போது அவற்றையும் சேர்த்தே சொல்லும். இயங்குதளத்தின் மையமான கர்னலோ, ஒரு செக்டார் கேட்டால் இனிமேல் இதுவும் வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே பல செக்டார்களைச் சேர்த்துப் படிக்கிற பழக்கம் உள்ளது. கடைசிப் பகுதியைப் படிக்கும்போது அந்தக் கொத்துக்குள் படிக்க முடியாத இரண்டும் வந்து விழ, மொத்தக் கொத்துமே பிழை என்று திரும்பி வரும். அங்கே இருந்த நல்ல செக்டார்களும் சேர்ந்து போய்விடும். உங்களுக்கு இரண்டாவது தடவை வந்த பிழை பெரும்பாலும் இதுதான். முழு வட்டையும் ஒரே மூச்சில் எழுதும் டிஏஓ முறையில் இந்த ஓட்ட செக்டார்கள் இல்லை. அதனால்தான் வோடிம் கட்டளையில் அதை விடாதீர்கள் என்றேன்.

எண் ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில மென்பொருள்கள் இமேஜ் முடிந்த பிறகும் கொஞ்சம் வெற்று செக்டார்களைத் திணித்து எழுதும். டிவிடியிலும் ஒரு கொத்து நிறையும் வரை நிரப்பப்படும். வட்டு முழுவதையும் படித்தால் இந்தத் திணிப்பும் கணக்கில் சேர்ந்துவிடும், ஒரு பைட் கூடினாலும் ஷா256 அடியோடு மாறிவிடும்.

ஆகவே ஃபைலில் எத்தனை செக்டாரோ அத்தனை மட்டும் வட்டில் இருந்து படிக்க வேண்டும். முந்தைய கேள்வியில் வந்த ஃபைலையே எடுத்துக்கொண்டால்:

டிடி இஃப்=/டெவ்/எஸ்ஆர்0 பிஎஸ்=2048 கவுண்ட்=358400 | ஷா256சம்

இஃப் என்பது ஐ, எஃப். ஓஎஃப் எதுவும் தராததால் டிடி படித்ததை நேரே ஷா256சம்முக்குத் தள்ளிவிடும், எங்கேயும் எழுதாது. வருகிற எண்ணும் இணையதளத்தில் இருக்கிற எண்ணும் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்க வேண்டும். ஃபைல் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் இன்னும் எளிது, "சிஎம்பி -என் 734003200 இமேஜ்.ஐஎஸ்ஓ /டெவ்/எஸ்ஆர்0" என்று கொடுத்தால் இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடும். வேறுபாடு இல்லையென்றால் எதுவுமே சொல்லாமல் முடியும், அந்த மௌனம்தான் நல்ல சேதி.

இதற்கு முன் வட்டை ஒரு முறை வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். எழுதி முடித்த கையோடு படித்தால், வட்டு காலியாக இருந்தபோது கர்னல் தெரிந்துவைத்திருந்த பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

சரி, வட்டைச் சோதிப்பதற்கு முன் இறக்கிய ஃபைலைச் சோதித்தீர்களா? நான் ஒரு முறை ஒருவருடைய கணினியைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். மூன்று வட்டு எழுதினேன். மூன்றும் பூட் ஆகிப் பாதி நிறுவும்போது ஒரே இடத்தில் நின்றன. வட்டு மோசம் என்று வேறு வட்டு, டிரைவ் மோசம் என்று வேறு டிரைவ், இரவு போய்விட்டது. காலையில்தான் ஃபைலுக்கு ஷா256சம் பார்த்தேன், இறக்கும்போதே கெட்டுப்போயிருந்தது. அந்த மனிதரின் ஒரு நாள் வேலை என்னால் நின்றது. அதற்குப் பிறகு ஃபைலைச் சோதிக்காமல் நான் வட்டைத் தொடுவதே இல்லை. எழுதுவதற்கு முன் ஒன்று, எழுதிய பின் ஒன்று, மொத்தம் இரண்டு சோதனை. இரண்டுக்கும் சேர்த்துச் சில நிமிடங்கள்தான் ஆகும்.

கேள்வி: மெதுவாக எழுதினால்தான் வட்டு நீடித்து உழைக்கும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. மிக அதிக வேகத்தில் எழுதும்போது பிழைகள் கூடலாம், ஆனால் மிகக் குறைந்த வேகமும் நல்லதல்ல. வேகமாக எழுதுவதற்கென்றே வடிவமைத்த சாயப்பூச்சு உள்ள வட்டை 1 மடங்கு, 2 மடங்கில் எழுதினால் முடிவு மோசமாகவும் வரலாம். வட்டின் உச்ச வேகத்தில் பாதி அளவு எடுத்துக்கொள்ளுங்கள். சிடிக்கு 1 மடங்கு என்றால் நொடிக்கு 150 கேபி, முழு வட்டுக்கு 80 நிமிடம். 16 மடங்கில் 5 நிமிடம். டிவிடியின் 1 மடங்கு இதைப்போல் ஒன்பது மடங்கு. கட்டளையில் ஸ்பீடு=16 என்று சேர்த்தால் போதும், குரோஐசோஎஃப்எஸ்ஸில் மட்டும் -ஸ்பீடு=8 என்று முன்னால் ஹைபன் வரும்.

யூஎஸ்பியில் இணைக்கும் வெளி டிரைவ் வைத்திருப்பவர்கள் வேகத்தைவிட மின்சாரத்தைக் கவனியுங்கள். ஹப் வழியாக இணைக்காமல் நேரே கணினியில் செருகுங்கள். எழுதும் நேரத்தில் லேசருக்கு மின்சாரம் அதிகம் வேண்டும், பற்றாமல் போனால் நடுவில் நின்றுவிடும்.

கேள்வி: விண்டோஸிலும் மேக்கிலும் கட்டளை வழியாக எழுத முடியுமா? கூடுதலாக எதையும் நிறுவ விருப்பமில்லை.

பதில்: முடியும். விண்டோஸ் 7-ல் இருந்து ஐசோபர்ன் என்ற நிரல் கூடவே வருகிறது. "ஐசோபர்ன்.எக்ஸி /க்யூ" என்று தட்டி டிரைவ் எழுத்தும் ஃபைல் பெயரும் கொடுத்தால் ஒரு சின்ன சாளரம் திறந்து உடனே எழுதத் தொடங்கிவிடும். க்யூ போடாவிட்டால் சாளரம் மட்டும் திறந்து காத்திருக்கும். அப்படித் திறந்து, எழுதிய பின் சரிபார்க்கவும் என்கிற கட்டத்தை டிக் செய்துவிட்டு எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஃபைலைச் சோதிக்க "செர்ட்யூடில் -ஹேஷ்ஃபைல் இமேஜ்.ஐஎஸ்ஓ ஷா256".

மேக்கில் "ஹெச்டிஐயூடில் பர்ன் இமேஜ்.ஐஎஸ்ஓ". எழுதி முடித்ததும் தானாகவே சரிபார்க்கும், நீங்களாக வேண்டாம் என்று சொன்னால்தான் விடும். மற்றவையும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கேள்வி: எல்லாம் சரியாக எழுதி, ஷா256-உம் ஒத்துப்போகிறது. பழைய மடிக்கணினியில் பூட் ஆகிறது, புதிய கணினியில் வட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

பதில்: வட்டைத் திரும்ப எழுதாதீர்கள், எழுதியதில் தவறில்லை. இமேஜிலேயே புதிய கணினிக்கான வழி இல்லாமல் இருக்கலாம். புதிய கணினிகளில் பயாஸ் இல்லை, அதன் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது. அதுவும் எல் டோரிட்டோ அட்டவணையைத்தான் பார்க்கிறது, ஆனால் அதில் தனக்கென்று குறித்த பதிவு ஒன்றைத் தேடுகிறது. அந்தப் பதிவு ஒரு சிறிய ஃபேட் பகுதியைக் காட்ட வேண்டும், அதற்குள் பூட் நிரல் ஒரு சாதாரண ஃபைலாக இருக்க வேண்டும். பழைய இமேஜ்களில் பயாஸுக்கான பதிவு மட்டுமே இருக்கும்.

ஸோரிசோ -இன்டெவ் இமேஜ்.ஐஎஸ்ஓ -ரிப்போர்ட்_எல்_டோரிட்டோ ப்ளெயின்

என்று கொடுத்தால் அட்டவணையை அப்படியே காட்டிவிடும். பயாஸ், யூஇஎஃப்ஐ இரண்டு பெயரும் வந்தால் இரண்டிலும் பூட் ஆகும் வட்டு. பயாஸ் மட்டும் வந்தால், கணினியின் அமைப்பில் சிஎஸ்எம் அல்லது லெகசி என்று ஒரு தேர்வு இருக்கிறதா பாருங்கள். சில புதிய கணினிகளில் அதை எடுத்தே விட்டார்கள், அப்போது வேறு இமேஜ்தான் வழி. இரண்டு பெயரும் இருந்தும் பூட் ஆகவில்லை என்றால் செக்யூர் பூட் தடுக்கிறதா என்று பாருங்கள், கையொப்பம் இல்லாத பூட் நிரலை அது உள்ளே விடாது. வேலை முடிந்ததும் அதை மறக்காமல் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஐஎஸ்ஓவைப் பிரித்து, என்னுடைய அமைப்பு ஃபைல் ஒன்றை உள்ளே சேர்த்து, மறுபடி ஐஎஸ்ஓவாக்கி எழுதினேன். ஃபைலெல்லாம் இருக்கிறது, ஆனால் பூட் ஆகவில்லை. முதல் கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் இதற்குமா?

பதில்: அதேதான், வேறு வாசல் வழியாக. பிரித்தபோது உங்களுக்குக் கிடைத்தவை ஃபைல்கள் மட்டும். 17-ஆவது செக்டாரில் இருந்த குறிப்பும் முதல் 32,768 பைட்டில் இருந்ததும் எந்த ஃபைலுக்குள்ளும் இல்லை, அவை பிரிக்கும்போது உங்கள் கைக்கு வரவே இல்லை. திரும்பக் கட்டும்போது பூட் நிரல் எது, அட்டவணை எங்கே என்று நீங்களாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு நீளமான விருப்பங்கள் உண்டு, ஒவ்வொரு இமேஜுக்கும் அவை வேறு மாதிரி இருக்கும், ஒன்று தவறினாலும் இதே நிலைதான்.

பிரிக்காமலே சேர்ப்பது இன்னும் சுலபம்:

ஸோரிசோ -இன்டெவ் பழையது.ஐஎஸ்ஓ -அவுட்டெவ் புதியது.ஐஎஸ்ஓ -மேப் என்ஃபைல் /என்ஃபைல் -பூட்_இமேஜ் எனி ரீப்ளே

பழைய இமேஜில் பூட் ஏற்பாடு எப்படி இருந்ததோ அதையே புதியதிலும் திரும்பச் செய் என்பதுதான் அந்தக் கடைசித் துண்டு. பழைய பதிப்புகளில் "ரீப்ளே" இருக்காது, அதனால் ஸோரிசோவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். புதியது.ஐஎஸ்ஓ என்ற பெயரில் ஏற்கெனவே எதுவும் இருக்கக் கூடாது. முடிந்ததும் முந்தைய பதிலில் சொன்ன ரிப்போர்ட் கட்டளையைப் பழையதுக்கு ஒரு முறை, புதியதுக்கு ஒரு முறை கொடுத்துப் பாருங்கள். பயாஸ், யூஇஎஃப்ஐ வரிகள் இரண்டிலும் வந்தால் வட்டில் எழுதலாம். ஷா256 இனி இணையதளத்து எண்ணோடு ஒத்துப்போகாது, புதிய ஃபைலுக்கு நீங்களே ஒன்று எடுத்து வட்டின் மேல் எழுதியோ பக்கத்தில் குறித்தோ வையுங்கள்.